ஈயமில்லாத பெட்டிக்கு நான் வைத்த பொட்டு

கனவு காண்கிறவர்களை எந்த வேலைக்கு வேண்டுமானாலும் வைக்கலாம். வேர்க்கடலை வறுக்கச் சொன்னால் கருகும், பள்ளியிலிருந்து குழந்தையை அழைத்து வரச் சொன்னால் வேறு குழந்தை வரும், அவ்வளவுதான். விதிமுறை பார்க்கிற வேலைக்கு மட்டும் வைக்கக் கூடாது. யாரையோ குத்திக் காட்டுவதற்காக இதை எழுதவில்லை. அந்த வேலைக்கு வைக்கப்பட்டவள் நான்தான்.

நான் தரங்கம்பாடிக்காரி. லுத்தரன் குடும்பம். பிரசங்கம் நடக்கும்போது கோயில் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவள். யாராவது நீளமாகப் பேச ஆரம்பித்தால் என் கண் தானாக ஜன்னல் தேடும். இன்ஜினியரிங் நான்கு வருஷமும் அப்படித்தான் போனது. பாஸ் செய்தது எப்படி என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.

முதல் வேலை பூதலூருக்குப் பக்கத்தில் கிடைத்தது. ஒரு காலத்தில் நெல் குடோனாக இருந்த கட்டடத்தில் மொபைல் ஸ்டார்ட்டர் செய்கிற சின்னக் கம்பெனி. (வீட்டில் படுத்துக்கொண்டே வயலில் இருக்கிற போர் மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் உதவுகிற பெட்டி. மும்முனைக் கரண்ட் வந்துவிட்டது என்று பெட்டியே போன் போட்டுச் சொல்லிவிடும். மனிதர்களைவிடப் பொறுப்பானது.) தஞ்சாவூர் ஹாஸ்டலில் இருந்து காலைப் பாசஞ்சரில் போவேன். அரை மணி நேரப் பயணம்தான். அதற்குள் இரண்டு பக்கமும் தண்ணீர் கட்டிய வயல்கள் வரும். தண்ணீரில் மேகம் இருக்கும். ரயில் வயல் மேல் போகிறதா, வானத்தின் மேல் போகிறதா என்று ஒரு மயக்கம் வரும். அந்த மயக்கத்தில் பூதலூரைக் கோட்டைவிட்டு, திருவெறும்பூரில் இறங்கித் திரும்பி வந்த நாட்கள் உண்டு. மூன்று நாட்கள். சரி, ஐந்து.

முதலாளி ராஜமாணிக்கம் சார் நல்ல மனுஷர். இன்டர்வியூவில் ஒரு கத்தைக் காகிதத்தை நீட்டி, "இதப் படிச்சுட்டு என்ன சொல்லுதுன்னு நாலு வரியில சொல்லுங்க" என்றார். மின்னணுப் பொருள் தயாரிப்பவர்களுக்கு அரசாங்கம் போட்ட விதிகள் அவை. முதல் இரண்டு பக்கம் படித்தேன். பிறகு ஜன்னலுக்கு வெளியே ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. அது காலை மாற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டே பக்கங்களைப் புரட்டி, கடைசிப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தேன்.

"எனக்கு மொதப் பக்கத்துலயே தூக்கம் வந்துடுது. நீங்க கடைசி வரைக்கும் போயிட்டீங்களே. நாளைக்கே சேந்துடுங்க" என்றார் சார்.

பிறகு உட்கார்ந்து முழுதாகப் படித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விதி இரண்டு விஷயம் சொன்னது. ஒன்று, பெட்டிக்குள் ஆறு விஷப் பொருள்கள் அளவுக்கு மேல் இருக்கக் கூடாது. அதில் எங்களுக்குத் தலைவலி ஈயம். எந்தப் பாகத்தை எடுத்தாலும் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் ஈயம் கூடாது. இரண்டாவது, நாம் விற்ற பெட்டி பழுதாகிச் செத்துப் போன பிறகும் அதற்கு நாமே பொறுப்பு. திரும்பச் சேகரித்து, அனுமதி வாங்கிய மறுசுழற்சிக்காரரிடம் முறையாக ஒப்படைக்க வேண்டும். பெற்ற பிள்ளையை ஒரு வயதுக்கு மேல் விட்டுவிடலாம், ஸ்டார்ட்டர் பெட்டியை விட முடியாது.

நான் கிளம்பிவிட்டேன். திருகாணி கொடுப்பவரிடம் ஈயமில்லை என்று சான்றிதழ் கேட்டேன். வயர் கொடுப்பவரிடம் கேட்டேன். பெட்டி மேல் ஒட்டுகிற ஸ்டிக்கருக்குக் கேட்டேன், அந்த ஸ்டிக்கரின் பசைக்குத் தனியாகக் கேட்டேன். மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய ஃபைல் போட்டு எல்லாவற்றையும் அதில் சேர்த்தேன். சாப்பிடப் போனாலும் அது என் அக்குளில் இருக்கும். டீக்கடைக்காரர் என்னைத் தூரத்தில் பார்த்தாலே கிளாஸைக் கழுவ ஆரம்பித்துவிடுவார்.

எட்டுப் பெண்கள் பெட்டிக்குள் போகிற சர்க்யூட் போர்டுகளில் சால்டரிங் வைக்கிற, அதாவது கம்பியை உருக்கிப் பாகங்களை ஒட்டுகிற வேலை செய்தார்கள். அவர்களில் மூத்தவர் சகுந்தலா அக்கா. பக்கத்துக் கிராமம். அவருடைய அப்பா அம்மா அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டவர்கள். அவருடைய மகள் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவம் படிக்கிறாள். ("மாட்டு டாக்டரா?" என்று யாராவது கேட்டால் அக்கா, "யானைக்கும் பாக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.) பழைய ஈயக் கம்பி வெண்ணெய் மாதிரி உருகி, ஓடி, பளபளவென்று உட்காரும். ஈயமில்லாத புதுக் கம்பி அப்படி இல்லை. சூடு அதிகம் வேண்டும், ஒட்டினாலும் மங்கலாகவே இருக்கும்.

"இந்தக் கம்பி மாமியா வீட்டுக்கு வந்த பொண்ணு மாதிரி மொறச்சுக்கிட்டே நிக்குது மேடம்" என்றார் அக்கா.

ஆனால் இரண்டு மாதத்தில் அதை அடக்கிவிட்டார். விரல் நுனி எல்லாம் சுட்டுக்கொண்டார். மற்ற ஏழு பேரையும் பழக்கினார். மிச்சம் இருந்த பழைய கம்பியைத் துண்டு துணுக்கு விடாமல் பொறுக்கி, எடை போட்டு, என் கையில் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

இதற்கெல்லாம் காரணம் ஒரு ஆர்டர். வெளிநாட்டுக்குப் பம்ப் அனுப்புகிற ஒரு கோயம்புத்தூர்க் கம்பெனி எங்கள் போர்டைக் கேட்டிருந்தது. அவர்கள் ஆள் வந்து, சாம்பிளுக்கு வைத்த முப்பது போர்டையும் எக்ஸ்ரே துப்பாக்கியால் சோதிப்பார். ஈயம் இல்லை என்றால் ஆர்டர். ஆர்டர் வந்தால் எட்டுப் பெண்களும் நிரந்தரம். அதுவரை அவர்களுக்குக் காகிதச் சீட்டுதான். நிரந்தரம் ஆனால் போட்டோ ஒட்டிய பிளாஸ்டிக் அட்டை, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் உண்டு. சகுந்தலா அக்கா பூதலூரில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய், கம்பெனி நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு போட்டோகூட எடுத்து வைத்துவிட்டார்.

சோதனைக்கு ஐந்து நாள் முன்பு ஆயுத பூஜை வந்தது.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை கிடையாது. அதனால் எனக்கு அது ஒரு ஓரத்தில் நின்று சுண்டல் சாப்பிடுகிற விழா. ஆனால் அந்த வருஷம் சாமான் வாங்குகிற பொறுப்பு, தஞ்சாவூரிலிருந்து வருகிறவள் என்பதால், என் தலையில் விழுந்தது. அக்கா சீட்டு எழுதிக் கொடுத்தார். பொரி, அவல், கடலை, வாழைப்பழம், சந்தனம், சாமி குங்குமம் சின்னப் பாக்கெட் ஒன்று, பூசணிக்காய்க்கு சாதாக் குங்குமம் முக்கால் கிலோ.

குங்குமத்தில் இரண்டு சாதி உண்டு என்று எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? சின்னப் பாக்கெட்டில் இருந்தது மஞ்சளில் செய்தது, இருண்ட சிவப்பு. சாமிக்கும் நெற்றிக்கும் மெஷினுக்கும் அதுதான். காகிதப் பொட்டலத்தில் இருந்தது திருஷ்டி கழிக்கிற பூசணிக்காய்க்குள் கொட்டி, வாசலில் போட்டு உடைப்பதற்கு. சாயப் பொடி. அது என்ன நிறம் என்கிறீர்கள், சாயங்காலச் சூரியனை இடித்துச் சலித்தது போல ஒரு சிவப்பு. கடைக்காரர் பொட்டலம் கட்டும்போதே நான் அதில் விழுந்துவிட்டேன். திருகாணிக்குச் சான்றிதழ் கேட்டவள், ஸ்டிக்கர் பசைக்குச் சான்றிதழ் கேட்டவள், அந்தப் பொடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அழகாக இருப்பதிடம் யாராவது சான்றிதழ் கேட்பார்களா?

பூஜை அன்று குடோனே வேறு உலகமாக இருந்தது. மேலே இருந்த காற்றுத் துவாரங்கள் வழியாக வெயில் சாய்ந்து இறங்கியது. சாம்பிராணிப் புகை அந்த வெயிலில் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. கழுவி விட்ட தரையிலிருந்து பழைய நெல் வாசனை லேசாக வந்தது. வெளியே புது ஆறு என்கிற கால்வாயில் தண்ணீர் நிறையப் போகிற சத்தம். எல்லோரும் மெஷினுக்கு ஒன்று, ஸ்டூலுக்கு ஒன்று என்று சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், நீங்க உக்காந்து வேடிக்கை பாருங்க" என்றாள் ஒருத்தி, அன்பாகத்தான்.

எனக்குச் சுருக்கென்றது. நானும் இந்தக் கம்பெனிதானே? வேதக்காரி என்றால் விழாவுக்கு விருந்தாளியா? எழுந்தேன். பொட்டலத்தைப் பிரித்தேன். பன்னீர் விட்டுக் குழைத்தேன். (நன்றாக ஒட்டட்டும் என்று.) மேசை மேல் சாம்பிள் போர்டு முப்பதும் வரிசையாக, பச்சைப் பசேலென்று, நாற்றங்கால் மாதிரி இருந்தன. எதிலும் பொட்டு இல்லை. பாவமாக இருந்தது.

முதல் போர்டுக்கு வைத்தேன். பச்சை மேல் அந்தச் சிவப்பு விழுந்ததும் எனக்குள் ஏதோ அவிழ்ந்துவிட்டது. அப்புறம் நடந்ததெல்லாம் மிதந்ததுதான். முப்பது போர்டுக்கும் வைத்தேன். மேசைக்கு வைத்தேன், ஜன்னல் கம்பிக்கு வைத்தேன், கதவுப் பிடிக்கு, காலண்டருக்கு, தீயணைப்பு உருளைக்கு வைத்தேன். கடைசியாக என் மஞ்சள் ஃபைலின் நெற்றியில், எட்டணா அளவுக்குப் பெரிதாக ஒன்று.

நடுவில் சகுந்தலா அக்கா பக்கத்தில் வந்து, "மேடம், இது பூசணிக்காய்க்கு வாங்குனதுல்ல?" என்றார். கேட்டது. காதில் விழுந்தது. நான் புன்னகையோடு தலையை ஆட்டினேன். அந்த நேரத்தில் அவர் "மேடம், குடோன் பத்திக்கிச்சு" என்று சொல்லியிருந்தாலும் அதே புன்னகைதான் கிடைத்திருக்கும்.

அன்று ரயிலில் திரும்பும்போது அம்மாவுக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னேன். "பழக்கமில்லாத வேலைக்குப் போவானேன்?" என்றாள் அம்மா. மதத்தைப் பற்றிச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். என்னைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறாள்.

விஜயதசமி முடிந்து வேலை தொடங்கியதும் அந்தப் பெண்கள் போர்டுகளைச் சுத்தம் செய்தார்கள். கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றி, பிரஷ்ஷைத் தோய்த்துத் தேய்ப்பார்கள். ஒரே கிண்ணம், ஒரே பிரஷ். பொட்டெல்லாம் போய்விட்டது. போய்விட்டது என்றால், கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து முப்பது போர்டிலும் ஒரு முனை விடாமல் பிரசாதம் மாதிரி சமமாகப் பரவிவிட்டது என்று அர்த்தம்.

சோதிக்க வந்தவர் பெயர் சென்னியப்பன். வெள்ளைச் சட்டை, குளிர்ந்த குரல். கோயம்புத்தூர்க்காரர்கள் கெட்ட செய்தியைக்கூடப் பந்தியில் பாயசம் ஊற்றுகிற மாதிரித்தான் சொல்வார்கள். துப்பாக்கி பார்ப்பதற்குச் சுவரில் ஓட்டை போடுகிற டிரில் மாதிரி இருந்தது. முதல் போர்டின் மேல் வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஈயம் காட்டுதுங்களே" என்றார்.

இரண்டாவது போர்டு. "இதுலயும் காட்டுதுங்க." மூன்றாவது. "இதுல கொஞ்சம் சேத்திங்க." (சேத்தி என்றால் அவர்கள் ஊரில் அதிகம்.)

ராஜமாணிக்கம் சார் என்னைப் பார்த்தார். எட்டுப் பெண்களும் என்னைப் பார்த்தார்கள். அப்போது நான் கனவிலிருந்து விழித்தேன். விழித்தவள் சும்மா இருந்திருக்கலாம். அதுதான் செய்யவில்லை. என் மூளைக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. சான்றிதழ் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆக யாரோ பழைய கம்பியைப் பதுக்கி வைத்து உபயோகித்திருக்கிறார்கள்.

"யாரு பழைய கம்பியத் தொட்டது? இப்பவே சொல்லிடுங்க" என்றேன்.

சகுந்தலா அக்கா பக்கம் திரும்பினேன்.

"அக்கா, உங்க பையக் கொஞ்சம் காட்டுங்க."

இந்த வாக்கியத்தை எழுதும்போதே இப்போதும் காது சூடாகிறது. சகுந்தலா அக்கா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு தன் வயர்கூடையை எடுத்து, மேசை மேல் நிதானமாக ஒவ்வொன்றாக வைத்தார். சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், மடித்த துண்டு, தைலம். கடைசியாக ஒரு சின்னக் காகித உறை. அதிலிருந்து நீலக் கோட்டுப் போட்ட போட்டோக்கள் நாலு, மேசையில் சரிந்தன. நாலு அக்காவும் என்னைப் பார்த்துச் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

மற்ற ஏழு பெண்களும் தங்கள் பைகளையும் கொண்டுவந்து வரிசையாக வைத்தார்கள். யாருமே கேட்கவில்லை, அவர்களாக வைத்தார்கள். தரை பிளந்து என்னை விழுங்காதா என்று கதைகளில் சொல்வார்களே, அன்று நான் நிஜமாகவே தரையைப் பார்த்தேன். கழுவி விட்ட சிமெண்டுத் தரை, உறுதியாக இருந்தது.

அக்கா சென்னியப்பனிடம் திரும்பினார். "சார், ஒரு புது போர்டு குடுக்கச் சொல்லுங்க. உங்க கண்ணு முன்னாடி வைக்கிறேன். அப்பறம் பாருங்க."

உட்கார்ந்தார். பத்து முனை வைத்தார், கம்பியை முறித்தார், எழுந்து நின்றார். சென்னியப்பன் துப்பாக்கியை வைத்தார்.

"சுத்தமா இருக்குதுங்க" என்றார். கம்பிச் சுருளின் மேல் வைத்தார். "இதுவும் சுத்தங்க. அப்பறம் எங்கிருந்துங்க வருது?"

அவருக்குக் கடமை உணர்ச்சி கிளம்பிவிட்டது. மேசையில் வைத்தார், ஈயம். ஜன்னல் கம்பியில் வைத்தார், ஈயம். கதவுப் பிடியில் ஈயம். காலண்டரில் ஈயம். தீயணைப்பு உருளையில் ஈயம். அவர் போகிற பாதை எனக்கு மெதுவாகப் புரிய ஆரம்பித்தது. அது நான் மிதந்து போன பாதை.

"ஏனுங்க மேடம், உங்க ஃபைல்ல செவப்பா இருக்குதே, அது என்னங்க?"

ஃபைலை நீட்டினேன். எட்டணாப் பொட்டின் மேல் துப்பாக்கியை வைத்தார். திரையைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு திரும்பப் பார்த்தார். அன்று காட்டியதிலேயே அதுதான் உச்சம். ஈயமில்லை, ஈயமில்லை என்று நூறு பேர் கையெழுத்துப் போட்ட காகிதங்களை உள்ளே வைத்துக்கொண்டு, அட்டை மட்டும் ஈயத்தில் ஜொலித்தது.

சாமி படத்தடியில் இருந்த சின்னப் பாக்கெட்டையும் சோதித்தார். அது சுத்தம்; சாதாப் பொடியின் சிவப்புதான் ஈயச் சிவப்பு.

"நான்தான் சார்" என்றேன். "பூசணிக்காய்க் குங்குமத்த நான்தான் எல்லாத்துக்கும் வச்சேன்."

ராஜமாணிக்கம் சார் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "ஈயம் வரக் கூடாது, ஈயம் வரக் கூடாதுன்னு ஆறு மாசமா எங்கள ஒரு வழி பண்ணிட்டீங்களே மேடம்" என்றார். "கடைசியில நீங்களே பன்னீர் ஊத்திக் கூட்டிட்டு வந்துட்டீங்க."

சென்னியப்பன் சிரிக்கவில்லை. அதற்கே அவருக்குக் கோயில் கட்டலாம். மூன்று வாரம் அவகாசம் கொடுத்தார். புதிதாக முப்பது போர்டு வேண்டும், இடம் முழுக்கத் துடைத்திருக்க வேண்டும், பழைய போர்டையும் மீதிக் குங்குமத்தையும் முறைப்படி அப்புறப்படுத்தியிருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

போர்டை அப்புறப்படுத்துவது சுலபம். குங்குமம்தான் உயிரை வாங்கியது. குப்பையில் போடலாம் என்றால், "சாமிக்கு முன்னால வச்சத குப்பையில போடுவாங்களா மேடம்?" என்று வாட்ச்மேன் மறித்தார். ஓடுகிற தண்ணீரில் விடுவதுதான் வழக்கமாம். ஓடுகிற தண்ணீரில் ஈயத்தை விட்டால் விதிப்படி என்னையே அப்புறப்படுத்த வேண்டும். அந்தத் தண்ணீரை நம்பித்தான் ஊர் முழுக்க சம்பா பயிர் நிற்கிறது. கடைசியில் மறுசுழற்சிக்காரருக்குப் போன் போட்டேன்.

"என்ன ஐட்டம் மேடம்?"

"குங்குமம்."

"என்ன மாடலுங்க?"

"மாடல் இல்லீங்க. நெத்தியில வைக்கிற குங்குமம்."

"மேடம், எங்க லிஸ்ட்ல டிவி இருக்கு, பிரிட்ஜ் இருக்கு. வச்சுடுங்க, மேல கேட்டுச் சொல்றேன்" என்றார். மேலே இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. அது ஒரு மூடி போட்ட டிரம்மில், ‘அபாயகரமான கழிவு: குங்குமம்’ என்ற சீட்டோடு கம்பெனியில் இன்றும் இருக்கிறது. வருஷா வருஷம் ஆய்வுக்கு வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். நான் ஜன்னலைப் பார்ப்பேன்.

இதெல்லாம் சிரிக்கிற பகுதி. சிரிக்க முடியாத பகுதி சகுந்தலா அக்கா.

அன்று சாயங்காலமே போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேடம்" என்றார். அவ்வளவுதான். அடுத்த நாளும் போனேன், "பரவால்ல மேடம்." மூன்றாவது நாளும் அதே பரவாயில்லை. திட்டியிருந்தால் தேவலை. ‘இது பூசணிக்காய்க்கு வாங்குனதுல்ல’ என்று அன்றே சொன்னேனே என்றுகூட அவர் ஒரு தடவையும் சொல்லிக் காட்டவில்லை. இத்தனை வருஷம் சுத்தமாக வாழ்ந்த ஒரு பெண்ணின் பையை நாலு பேர் பார்க்கத் திறக்க வைத்தேன். அதற்கு எந்த விதியிலும் பரிகாரம் எழுதவில்லை, தேடிப் பார்த்துவிட்டேன். நாலாவது நாள் அவர் எதிரில் போய் நின்று, "அக்கா, நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்று கேட்டேன். அழுதுவிட்டேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா ஒரு ஸ்டூலைக் காலால் நகர்த்தினார். "உக்காருங்க. ஒரு போர்டு வைங்க."

இன்ஜினியரிங் படித்தவள் அல்லவா, அரை மணியில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். முதல் முனையில் கம்பி உருண்டு மிளகு மாதிரி நின்றது. இரண்டாவதில் விரலைச் சுட்டுக்கொண்டேன். மூன்றாவதும் நாலாவதும் ஒன்றாக ஒட்டிக்கொண்டன, பிரிக்கப் போனால் ஐந்தாவதும் வந்து சேர்ந்துகொண்டது. அக்கா சொல்லிக் கொடுக்கவும் இல்லை, கேலி செய்யவும் இல்லை. தன் பாட்டுக்கு ஒரு போர்டை முடித்து அடுத்ததை எடுத்துக்கொண்டிருந்தார். வெளியே மழை வந்தது, போனது. வயலில் வெயில் விழுந்து தண்ணீரெல்லாம் தங்கமாக இருந்ததாம். பிறகு சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. என் ஆயுளில் முழுசாக ஒரு நாள் நான் வெளியே பார்க்காமல் இருந்தது அன்றுதான்.

சாயங்காலம் மணி அடிக்கும்போது என் போர்டு முடிந்திருந்தது. முடிந்தது என்பதைவிட, இனி முடியாது என்று நின்றிருந்தது. அக்கா அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மற்ற இருபத்தொன்பதோடு சேர்த்து வைத்தார்.

மூன்று வாரம் கழித்து சென்னியப்பன் வந்தார். துப்பாக்கியை வைத்தார். ஒவ்வொன்றாக, "சுத்தங்க, சுத்தங்க" என்று சொல்லிக்கொண்டே போனார். அந்த எட்டுப் பேரும் மூச்சு விட்டார்களா என்று தெரியவில்லை, நான் விடவில்லை. முப்பதிலும் ஈயம் இல்லை. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவர், திரும்ப ஒரு போர்டைக் கையில் எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஈயமெல்லாம் இல்லீங்க" என்றார். "ஆனா இத யாருங்க வச்சது?"

நான் வாயைத் திறந்தேன். அன்று நான் கேட்டதும் கிட்டத்தட்ட இதே கேள்விதான். சகுந்தலா அக்கா என்னைக் கை காட்டியிருக்கலாம். முழு நியாயம் அவர் பக்கம் இருந்தது. கம்பெனியே விழுந்து விழுந்து சிரித்திருக்கும், எனக்கும் அது வேண்டியதுதான்.

"புதுசா சேந்த பொண்ணு சார்" என்றார் அக்கா, நான் பேசுவதற்குள். "கத்துக்கும்."

சென்னியப்பன் தலையை ஆட்டிவிட்டு அந்த ஒரு போர்டை மட்டும் தனியாக ஒதுக்கி வைத்தார். இருபத்தொன்பதுக்குக் கையெழுத்துப் போட்டார். எட்டுப் பெண்களும் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்திகூட என் பக்கம் திரும்பவில்லை. எனக்குக் கண் கலங்கியது. ஸ்பிரிட் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன். அந்த மாதமே எட்டுப் பேருக்கும் அட்டை வந்தது.

பிறகு எனக்குத் தரங்கம்பாடியில் கல்யாணம் நடந்தது. எட்டுப் பேரும் வேன் வைத்து வந்து, மறுநாள் விருந்துக்கும் தங்கினார்கள். மறு வீட்டில் நான் முதன்முதலாக வைத்த மீன் குழம்பை மாமியார் வாயில் வைத்தார், விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் சபையைப் பார்த்தார். பந்தியில் உட்கார்ந்திருந்த சகுந்தலா அக்கா தலை நிமிராமலே, "புதுசா சேந்த பொண்ணும்மா, கத்துக்கும்" என்றார். வேனில் வந்த ஏழு பேரும் இலையில் குனிந்துகொண்டு குலுங்கினார்கள். காரணம் கேட்ட என் கணவரிடம் நானே முழுக் கதையையும் சொல்லித் தொலைத்தேன்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. நேற்று நான் சுட்ட தோசை பாதி கல்லிலும் பாதி தட்டிலுமாக வந்தது. என் ஆறு வயது மகள் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவள் அப்பாவிடம் சொன்னாள், "விடுங்கப்பா, புதுசா சேந்த பொண்ணு."